ஜப்பான் குடத்துல ஒரு பிடி நெல்லு

ஆரோக்கியம் போயிட்டான்னு அவன் மருமக போன் பண்ணப்ப நான் சிரிச்சேன். "அவனையே பேசச் சொல்லும்மா"ன்னேன். ஒருத்தன் செத்துட்டான்னு இன்னொருத்தன் வீட்டுக்குப் போன் போடுறது எங்களுக்குள்ள பழைய வெளையாட்டு. அந்தப் புள்ள அழுதுச்சு. அப்புறந்தான் இது வெளையாட்டு இல்லன்னு வெளங்குச்சு.

அவனைத் தெரிஞ்சவுகதான் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கீக. மியூசியத்தைத் தொறந்து மூடுறது அவன் வேலை. வாசல்ல சைக்கிள் ஸ்டாண்டு என்னுது. கதவைத் தொறந்தா நேரா எதுத்தாப்புல நிக்கும் அந்த ஜப்பான் பூச்சாடி. கழுத்து சிறுத்து வயிறு பெருத்து, அசல் நம்ம தண்ணிக்குடம். கருஞ்செவப்பு உடம்புல பச்சை மெருகு தோள்லருந்து வழிஞ்சு பாதியில உறைஞ்சு நிக்கும். எந்தக் காலத்துலயோ கப்பல்ல வந்துச்சாம். பாக்குறவுக அழகும்பாக. இவன் மட்டும், "தெனமும் வெறுங்குடம் எதுக்க நிக்கிது அப்பு. எதுலயாவது கொண்டுபோயித்தான் விடும்"பான்.

ஞாயித்துக்கெழம பூசை தவறாத வேதக்காரனுக்கு எதுக்குலே சகுனம்னு கேட்டா, "சாமி வேற, குடம் வேற"ன்னுட்டுப் போயிருவான்.

அதனால ஜாடிக்குள்ள ஒரு பிடி நெல்லைப் போட்டு வச்சிருந்தான். அப்ப அது வெறுங்குடம் இல்லைல்ல. என்னையத் தவிர யாருக்கும் தெரியாது. புதுசா வந்த ஆபீசரம்மா ஜாடியைச் சாச்சுப் பாத்தாக, நெல்லு வண்டோட கொட்டுச்சு. இன்னொரு தடவை போட்டா வேலை போயிரும்னு சொல்லிட்டாக. அவுக மேல தப்பில்ல, பழைய சாமானுக்கு அவுகதான் பொறுப்பு. ஆனா இவன் சம்பளத்துலதான் வீட்டுல அடுப்பு எரிஞ்சுச்சு. சரின்னுட்டான்.

அப்புறம் கண்ணை மூடிக்கிட்டே கதவைத் தொறப்பான். தடவிப் போயி, ஜாடிக்கு முதுகைக் காட்டி நின்னுதான் கண்ணைத் தொறப்பான். நான் பின்னாலேயே போயி, "முன்னாடி படி இருக்குலே"ம்பேன். இல்லாத படிக்குக் காலைத் தூக்கித் தூக்கி வைப்பான்.

அது காத்துக் காலம். ஒருநா சாவியத் திருப்புனதும் கதவு தானா அடிச்சுத் தொறந்துருச்சு. கண்ணை மூட அவனுக்கு நேரம் கெடைக்கல. ஜாடி வாயில காத்துப் பட்டு ஊம்முன்னு ஒரு சத்தம். அம்புட்டு வருசத்துல அது சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. வந்து என் பக்கத்துல ஒக்காந்தான்.

"பாத்துட்டேன் அப்பு."

"ஜப்பான் குடத்துச் சகுனம் திண்டுக்கல்ல செல்லாதுலே."

எதுக்கும் சிரிக்கிறவன், சிரிக்கல. மத்தியானம் சாப்பிடப் போனவன் பேகம்பூர் பஸ் ஸ்டாப்புல ஒக்காந்தபடியே சாஞ்சுட்டான். நெஞ்சுவலின்னாரு டாக்டரு. நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கிறேன்.

அடக்கம் முடிஞ்ச மறுநா ஆபீசரம்மாவே சாவியோட வந்தாக. கதவைத் தொறக்கையில கண்ணை மூடியிருந்தாக. ஒரு கை பொத்துனாப்புல இருந்துச்சு. வெளிய வந்தப்ப கை விரிஞ்சிருந்துச்சு, விரல்ல உமித் தூசி. இந்தா, பின்னால ஒக்காந்து தலையக் குனிஞ்சுக்கிறாக. கோவிச்சுக்காதீகம்மா.

எனக்குன்னு அவன் விட்டுட்டுப் போனது ஒண்ணுதான். இப்பெல்லாம் படுக்கப் போகுமுன்ன அடுப்படிக் குடத்துல தண்ணி இருக்கான்னு குனிஞ்சு பாக்குறேன். சகுனத்துல எனக்கு நம்பிக்கை கெடையாது. சாமியும் அம்புட்டா கும்புடுறதில்ல. ஆனா சாமி வேற, குடம் வேற.