நட்டில் வைத்த பொட்டு

ரிமோட் கார் கண்ணாடிப் பலகையின் மேல் நின்றது. அவள் கத்தி நுனியை முன்பக்கத்து நடுவில் கொடுத்து மெல்ல நெம்பினாள். இடது சக்கரம் எழுந்தது. வலது சக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எழுந்தது. ஒரு காகிதத்தின் கனம்கூட இருக்காது அந்த வித்தியாசம். ஆனால் இரண்டும் சேர்ந்தாற்போல் எழ வேண்டும். எழவில்லையென்றால் காரின் உடம்பு எங்கோ முறுக்கிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட கார் பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுவரில் போய் முட்டும். இறுதிப் போட்டிக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது.

அவள் பல்செட் செய்கிறவள். ஒரு பல் மருத்துவமனைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில், மெழுகும் பிளாஸ்டருமாக உட்கார்ந்து இருபத்து நான்கு வருடமாக ஊருக்கெல்லாம் சிரிப்புத் தயாரித்துக் கொடுக்கிறாள். செய்து முடித்த பல்செட்டை அச்சில் வைத்து இரண்டு பக்கமும் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பாள். இம்மி ஆடினாலும், போட்டுக்கொள்கிறவர் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அவளைச் சபிப்பார். அப்படி யாரும் சபித்ததாகத் தகவல் இல்லை.

ரிமோட் கார் அவள் வாழ்க்கைக்குள் வந்தது தம்பியால். பஸ் ஓட்டுகிறவன் அவன். நாளெல்லாம் பஸ்ஸை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிய எரிச்சலில், எட்டு வருடத்துக்கு முன் ஒரு முழத்துக்கும் குறைவான இந்தப் பந்தயக் காரை வாங்கினான். வாங்கிய அன்று மாலையே முன்பக்கத்தை உடைத்துக்கொண்டு வந்து, அக்காவின் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு முழித்தான். அவள் பல்செட் பிசினால் ஒட்டிக் கொடுத்தாள். அதிலிருந்து வழக்கமாகிவிட்டது: ஓட்டுவது அவன், கழற்றி மாட்டுவது அவள். ஸ்பிரிங், எண்ணெய், சக்கரத்தின் சாய்வு, தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் என்று எல்லாம் அவள் கணக்கு. சாப்பாட்டு மேஜையில் அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை.

எட்டு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் மானம் போயிற்று. மூன்று மாதத்துக்கு முன், போன பந்தயத்தில். முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த காரிலிருந்து பின்பக்க இடது சக்கரம் கழன்றது. கழன்றதோடு விட்டதா? காரைத் தவிக்க விட்டுவிட்டுத் தான் மட்டும் உருண்டு போய் எல்லைக் கோட்டைத் தாண்டியது. மைக் பிடிக்கிற முடிதிருத்தும் கடைக்காரருக்கு இது போதாதா? "சக்கரம் ஜெயிச்சிருச்சு. கார் எங்கப்பா?" என்றார். பந்தயம் நடந்த, வண்டி நிறுத்தும் மொட்டை மாடியே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் 'நட்டக்கா'.

அவளுக்கு அந்த நட்டை இறுக்கியது நினைவிருந்தது. அது இறுகியதைக் கை உணர்ந்திருந்தது. ஆனால் வேறு யாரும் காரைத் தொடவில்லை என்றால் அவள்தானே விட்டிருக்க வேண்டும்? "அக்கா மறந்துட்டா போல," என்று தம்பி எல்லாரிடமும் சொன்னான். அவளும் நம்பிவிட்டாள். வலி அங்கேதான் இருந்தது. வேலையிடத்தில் ஒரு பல்செட்டை மூன்று முறை, நான்கு முறை அழுத்திப் பார்க்க ஆரம்பித்தாள். அனுப்பிய பெட்டியைத் திரும்ப வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். தன் கை தன்னை ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டு கையால் பிழைப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் சிவப்பு நகப்பூச்சு வாங்கினாள். நகத்துக்கு இல்லை. ஒவ்வொரு நட்டையும் ஸ்க்ரூவையும் இறுக்கியதும், தலையையும் பக்கத்துத் தகட்டையும் சேர்த்தாற்போல் ஒரு பொட்டு. திருகினால் பொட்டு இரண்டாக விண்டுவிடும்.

இன்று காலை படியிறங்கும்போது தம்பி சொல்லியிருந்தான்: "அக்கா, இன்னைக்கும் எதாவது சொதப்பினா காரை வாத்தியார்கிட்ட விட்டுடறேன். தப்பா எடுத்துக்காத." வாத்தியார் நிஜமாகவே பள்ளிக்கூட வாத்தியார். மூன்று பேருக்குக் கார் சரிபார்த்துக் கொடுக்கிறார். அவருடைய மேஜை வரிசையின் கடைசியில் இருந்தது, விரிப்பும் விளக்குமாக.

அவள் மறுபடி நெம்பினாள். மறுபடியும் இடதுதான் முதலில் எழுந்தது. ஸ்பிரிங்குகளை அளந்தாள், சரி. நான்கு சக்கரத்தையும் சுழற்றிப் பார்த்தாள், சரி. காலையில் இதே பலகையில் இரண்டும் ஒன்றாக எழுந்ததே. எழுந்ததா, அல்லது எழுந்ததாக நினைத்துக்கொண்டாளா? பேசாமல் வாத்தியாரிடமே கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, காரின் உடம்பைப் பிடித்து நிறுத்தும் மேல்தட்டைப் பார்த்தாள். எட்டு ஸ்க்ரூ, எட்டுப் பொட்டு. ஆறு முழுசாக இருந்தன. பின்பக்கத்து இரண்டு மட்டும் விண்டிருந்தன.

தம்பி இரண்டு காகிதக் கோப்பையில் டீயோடு வந்தான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"மேல்தட்டை யார்டா தொட்டது?"

"யாரு தொடுவா? நான் தொடவே இல்ல."

"இங்க பாரு." பூதக்கண்ணாடியை நீட்டினாள். அவன் பார்க்கவில்லை. டீயைப் பார்த்தான்.

"வாத்தியார் சொன்னாருக்கா. பின்னாடி ரெண்டு ஸ்க்ரூவை லேசா லூசா விட்டா வளைவுல நல்லா பிடிக்கும்னு. விட்டுப் பாத்தேன், சரியா வரல. திரும்ப முடுக்கிட்டேன்."

"எதுல வச்சு முடுக்கின?"

"கையிலதான்."

பலகையில் வைத்து அழுத்தாமல், கையில் தூக்கிப் பிடித்து இறுக்கியிருக்கிறான். கார் முறுக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

"ஆனா இந்தத் தடவை நல்லாத்தான் இறுக்கினேன், அக்கா," என்றான்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இந்தத் தடவையா?"

தம்பியின் முகம் வெளிறியது. சொல்லிவிட்ட வார்த்தையைத் திரும்ப விழுங்கப் பார்த்தான். முடியவில்லை.

"அப்ப போன தடவை?"

"டயரைத் துடைக்கலாம்னு கழட்டினேன். நீ வரிசை நம்பர் சீட்டு வாங்கப் போயிருந்த. அதுக்குள்ள கூப்பிட்டாங்க, நட்டைச் சரியா முடுக்காம மாட்டிட்டு ஓடிட்டேன். அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. சொல்ல வாய் வரல."

மூன்று மாதம். திரும்ப வாங்கிப் பிரித்த பெட்டிகள் அத்தனையும் அவள் கண்முன் வந்து நின்றன. அறையலாம் போலிருந்தது. நாற்பது வயது பஸ் டிரைவரை, அவன் வயதுக்காரர்கள் முன்னால். கை எழவில்லை. மாறாக, அது ஸ்க்ரூ டிரைவரை எடுத்தது. இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது.

எட்டையும் தளர்த்தினாள். காரைக் கண்ணாடியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். குறுக்கும் நெடுக்குமாக ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். கத்தி நுனியால் நெம்பினாள். இரண்டு சக்கரமும் ஒன்றாக எழுந்தன. புதிதாகப் பொட்டு வைத்தாள், ஊதிக் காயவைத்தாள். விரல் நடுங்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"போய் ஸ்டாண்டுல ஏறு," என்றாள். ஓட்டுகிறவர்கள் நிற்கும் அந்த மேடையில் அவன் ஏறினான்.

பத்துக் கார்கள். புறப்படும் வரிசையில் தம்பிக்கு இரண்டாவது இடம். முப்பது வினாடி அறிவிப்புக்குள் கார் தன் கட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போட்டி இல்லை. ஒன்பது பேர் காரை வைத்துவிட்டு விலகினார்கள். அவள் காரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒரு நிமிஷம்," என்றது மைக். "என்ன நட்டக்கா, நாலும் இருக்கா? எண்ணிட்டீங்களா?"

வழக்கம்போல் சிரிப்பு. அவள் அசையவில்லை.

"அக்கா, காரை வைங்க."

"தம்பி ஒண்ணு சொல்லணுமாம்," என்றாள். "சொன்னதும் வைக்கறேன்."

எல்லாத் தலைகளும் ஸ்டாண்டை நோக்கித் திரும்பின. அவன் ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான். அவளும் பார்த்தாள். அவன் இறங்கி ஓடிவிட்டால்? பொய் சொன்னால்? எட்டு வருடம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் நின்றாள்.

"நாப்பத்தஞ்சு," என்றது மைக்.

அவன் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"என்னப்பா சொல்ற? நாப்பது." ஸ்டாண்டில் பக்கத்தில் நின்ற முடிதிருத்துபவர் பழக்கதோஷத்தில் மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டினார்.

"போன தடவை சக்கரத்தைக் கழட்டினது நான்தான்," என்று எல்லா ஸ்பீக்கரும் சொல்லின. "அக்கா சரியாத்தான் மாட்டியிருந்தா. நான்தான் சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் தன் விளக்கை அணைத்தார், எதற்கென்று அவருக்கே தெரியாது. அவள் குனிந்து காரைக் கட்டத்தில் நேராக வைத்தாள். "முப்பது," என்றது மைக்.

தம்பி நன்றாக ஓட்டவில்லை. முதல் வளைவிலேயே ஏழாவதாகப் போனான். கார் என்னவோ திருப்பிய பக்கம் போயிற்று, நிறுத்திய இடத்தில் நின்றது. ஐந்து நிமிட முடிவில் நான்காவதாக வந்தான். "நாலாவது," என்று படித்த முடிதிருத்துபவர், அடுத்து என்ன பெயர் சொல்வதென்று தடுமாறி, "அக்காவோட கார்," என்றார்.

மேஜையில் அவள் பொட்டுகளைச் சரிபார்த்தாள். ஒன்றும் விண்டிருக்கவில்லை. தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"வீட்டுக்குப் போகலாமாக்கா?"

"போகலாம். வழியில ஒரு கடையில நிறுத்து. உனக்கு நீலக் கலர் நகப்பூச்சு வாங்கணும். நீ தொட்டா நீலப் பொட்டு வை."

அவன் தலையாட்டினான். மன்னிப்புக் கேட்கவில்லை, மைக்கில் சொன்னதே அவனுக்கு ஒரு வருடத்துக்குப் போதும்.

மறுநாள் வேலையிடத்தில் ஒரு பல்செட் முடிந்தது. அச்சில் வைத்து இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை. ஒரே தடவைதான் பார்த்தாள். பெட்டியில் வைத்து மூடி, அடுத்ததை எடுத்தாள்.