சித்திரையில் அளந்த கோடு

நடந்தவை, வரிசைப்படி:

1. சித்திரை மாதத்தில் கழுவெளி ஏரியின் கிழக்குக் கரையை நான் அளந்தேன். தண்ணீர் எங்கே நின்றதோ அங்கே கோடு போட்டேன்.
2. அந்தக் கோடு வரைபடமானது. வரைபடம் ஒரு மசோதாவின் இணைப்பானது.
3. மசோதா சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.
4. கோட்டுக்கு வெளியே இருந்த நிலத்துக்குப் பாதுகாப்பு போயிற்று. ஓர் இறால் பண்ணைக்கு அது குத்தகையாகக் கிடைத்தது.
5. அடுத்த வருடம் வைகாசியில் ஜேசிபி வந்தது. ஓட்டியவன் என் அண்ணன்.
6. பவளக்காலிப் பறவைகளின் கூடுகள் நசுங்கின. ஒரு பெண்ணின் கண் போனது.
7. நான் என் அண்ணனின் கையை உடைத்தேன்.

ஏழாவதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்பார் அம்மா. மற்ற ஆறும் அவருக்கு ஆபீஸ் சமாச்சாரம்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். நிலஅளவை செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. கழுவெளியின் 'தற்போதைய நீர்ப்பரப்பு' வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு வந்தது. எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீடு மரக்காணத்துக் கடலோரக் குப்பத்தில் இருக்கிறது. உப்பளம் இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் கடல்காரப் பிள்ளைகளுக்கு உப்பளம் தெரியாது. பேருந்தில் போகும்போது வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான்.

கரையில் வரிசையாகப் பனங்கட்டைகள் நடப்பட்டிருந்தன. இடுப்பளவு உயரம், உப்பேறிக் கறுத்தவை. தண்ணீர் அவற்றிலிருந்து வெகு தூரம் உள்வாங்கி, நடுவில் காய்ந்த சேறு வெடித்துக் கிடந்தது. நான் கட்டைகளைக் கருவியில் 'பழைய வேலி' என்று பதிந்துவிட்டு, தண்ணீரின் ஓரமாகவே நடந்தேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நீளக் காம்புள்ள பலகையை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, தண்ணிய இங்கியே நிறுத்திட்ட?"

"தண்ணி இங்கதானக்கா இருக்குது."

"கார்த்திகைல வந்து பாரு. அந்தக் கட்டைங்க வரைக்கும் வந்து நிக்கும். அத வெச்சித்தான் மழ வுட்டதும் வரப்ப எங்க கட்றதுன்னு பாப்போம். இப்ப நீ நிக்கிற எடத்துல எரும நீந்தும்."

"கார்த்திகைல எனக்கு வேற வேலை இருக்குதுக்கா."

"அப்ப தண்ணிகிட்ட சொல்லிடு. மேடத்துக்கு டைம் இல்லியாம், சித்திரைலயே ஒரு எட்டு வந்துட்டுப் போன்னு."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு 'பழைய வேலி'யை மாற்றாமல் கருவியை மூடினேன். கண்ணுக்குத் தெரிவதை அளப்பதுதான் என் வேலை என்று அன்று நம்பினேன்.

மசோதா வந்த அன்று அண்ணனும் நானும் என் கைபேசியில் நேரலை பார்த்தோம். மீன்குழம்பு அடுப்பில் இருந்தது. அதுவரை கழுவெளி என்றால் மழைக்காலத் தண்ணீர் எட்டும் இடம் வரைக்கும் பாதுகாப்பு. இனி இணைப்பில் உள்ள வரைபடம்தான் எல்லை என்றது மசோதா. திரையில் காட்டிய இணைப்பின் அளவை எண்களைப் பார்த்ததும் அது என் வரைபடம் என்று தெரிந்துவிட்டது. முதலில் வந்தது பெருமைதான். அதையும் எழுதிவிட வேண்டும்.

"என் தங்கச்சி போட்ட கோட்டுக்கு ஓட்டெடுக்கறாங்கடா!" என்று அண்ணன் தெருவைப் பார்த்துக் கத்தினான்.

ஆம் என்பவர்கள் ஆம் என்றார்கள். இல்லை என்பவர்களின் சத்தம் ஒலிவாங்கிக்கு எட்டவில்லை. யார் எதைச் சொன்னார்கள் என்று எங்கும் பதிவாகவில்லை. குழம்பு கொதிப்பதற்குள் அடுத்த மசோதா வந்துவிட்டது.

"அவ்ளோதானா? நம்ம ஊர்ல ஒரு வலைக்குத் தட போடறதுக்கே ரெண்டு நாளு ஆவும்" என்றான் அண்ணன்.

உண்மைதான். எங்கள் குப்பத்தில் அப்படி ஒரு முடிவெடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தலைக்கட்டும் எழுந்து நின்று வாய் திறந்து சொல்ல வேண்டும். பத்து வருடம் கழித்தும் 'நீதானே அன்னிக்கி சரின்ன' என்று சட்டையைப் பிடிப்பார்கள்.

அடுத்த வருடம் வைகாசியில், பண்ணையின் எல்லையை நிலத்தில் குறித்துத் தர நிறுவனம் என்னையே அனுப்பியது. என் கோட்டுக்கும் பனங்கட்டைகளுக்கும் நடுவிலிருந்த சேற்றில்தான் பவளக்காலிகள் முட்டையிட்டிருந்தன. சிவந்த நீளக் கால்கள், கறுப்பு இறக்கை. சேற்றில் ஒரு குழி, அதில் நான்கு முட்டை. பதினொரு கூடுகள் எண்ணினேன். பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலும் அந்த நிலத்தின் வழியாகத்தான் போனது. அதை மூடினால் உப்பளமும் இல்லை.

பண்ணைக் குத்தகைக்காரரிடம் கூலிக்கு வண்டி ஓட்ட வந்திருந்த அண்ணன் ஜேசிபியின் வாளியை இறக்கினான். பறவைகள் இறக்கை ஒடிந்ததுபோல் சேற்றில் இழுத்துக்கொண்டு அதன் முன்னால் ஓடின. தங்களைத் துரத்தட்டும், கூட்டை விட்டுவிடட்டும் என்று. இயந்திரம் எதையும் துரத்தவில்லை, நேராகப் போனது. ஒரு பறவை கடைசிவரை எழாமல் முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. சக்கரம் கடந்த பிறகு அங்கே ஒரு சிவப்புக் கால் மட்டும் நட்டுக்கொண்டு நின்றது.

நான் கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அந்த அக்கா பாத்தியிலிருந்து ஓடிவந்தார். உப்பு வாரும் பலகையைச் சுழற்றி ஜேசிபியின் கண்ணாடியில் அடித்தார். கண்ணாடி பொடிந்து அண்ணனின் முகத்தில் தெறித்தது. குத்தகைக்காரரின் ஆட்கள் இருவர் அக்காவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். அவர் ஒருவனின் மணிக்கட்டைக் கடித்துத் துப்பினார். அதற்குள் நெற்றியில் ரத்தம் வழிய அண்ணன் குதித்து இறங்கினான்.

"எவன் மேலடி கை வெக்கிற? ஆங்?"

"வண்டிய எடுடா! உன் ஆத்தா வூட்டு நெலமா இது?"

அவன் அவரைப் பாத்திக்குள் முகம் குப்புறத் தள்ளினான். முற்றிய உப்புத்தண்ணீர், அடியில் கண்ணாடித்தூள் மாதிரிக் கல் உப்பு. எழ முயன்றவரின் பிடரியில் கால் வைத்து அழுத்தினான். அவர் கைகள் உப்பைப் பிறாண்டின. தண்ணீரில் குமிழிகள் வந்தன.

என் கையில் ஜிபிஎஸ் கருவியைத் தாங்கும் இரண்டு மீட்டர் கம்பம் இருந்தது. கருவியைத் திருகிக் கழற்றி, வரப்பில் துணி விரித்து அதன்மேல் வைத்தேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று இன்றும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அவர் முகம் அவ்வளவு நேரமும் தண்ணீருக்குள் இருந்தது. பிறகு அடித்தேன். முதல் அடி தோளில். திரும்பியவன் வலது கையைத் தூக்கினான். இரண்டாவது அடி அதில் விழுந்தது. காய்ந்த சவுக்கு மிலாறு முறியும் சத்தம். மூன்றாவது அடி தேவையில்லை. அதையும் அடித்தேன்.

அக்காவை இழுத்து மல்லாத்தினேன். கண்களைத் திறக்க முடியாமல், "ஐயோ எரியுதே, எரியுதே" என்று உதைத்துக்கொண்டார். என் குடிதண்ணீர் முழுவதையும் அவர் கண்களில் ஊற்றினேன். ஒரு லிட்டர் போதவில்லை.

ஆஸ்பத்திரியில், வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாக அண்ணன் போலீசாரிடம் சொன்னான். அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்தான்.

"கோடு போட்டது நீ. ஆம்னு சொன்னது அவங்க. மண்ணு தள்னவன் கைய மட்டும் ஏன் ஒடச்ச?"

"அவங்க தலைய தண்ணில அமுக்கினது நீதானே."

"ஆமா. அதுக்கு ஒடச்சேன்னா சரி. குருவிக்காக ஒடச்சேன்னு வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத."

மறுநாள் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதினேன். அளந்தது கோடையில். கட்டைகள் வேலி அல்ல, மழைக்கால நீர்மட்டத்தின் அடையாளம். உப்பளத்துக்காரர் ஒருவர் அங்கேயே என்னிடம் சொன்னார், நான் பதியவில்லை. மூன்றே வரிகள். உப்பளத் தொழிலாளர்கள் போட்ட வழக்கில் அதைச் சேர்த்தார்கள். நிறுவனம் என்னை நீக்கியது.

இன்றைய நிலை இது. பண்ணை வேலைக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருக்கிறது. சட்டத்துக்குத் தடை இல்லை. இணைப்பை மாற்றச் சட்டமன்றம் மறுபடி வாக்களிக்க வேண்டும். திருத்தம் கொண்டுவருவதாக உறுப்பினர் ஒருவர் சொன்னார், சென்ற கூட்டத்தொடரில் அது வரவில்லை. அக்காவுக்கு இடது கண் தெரியாது, உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அண்ணனின் வலது கட்டைவிரல் மடங்குவதில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், பேசுவதில்லை. பதினொரு கூடுகளில் இரண்டு தப்பின. அந்த நிலம் இன்னும் வரைபடத்துக்கு வெளியே இருக்கிறது.