வீரையா அண்ணனின் கடைசிச் சனிக்கிழமைக் கேள்வி

செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் ஒருவருக்கு லைசென்ஸ் பாரம் அச்செடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் லினக்ஸ் குழுவில் இருக்கும் நடேசன் ஐயா போன் செய்தார். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிலோன்காரக் குடும்பம், எதையும் சுற்றி வளைத்துத்தான் தொடங்குவார். அன்று சுற்றவில்லை. "பிள்ளை, வீரையா போயிட்டார். விடியக்காலையிலே நெஞ்சு வலியாம்" என்றார். போனை மேசைமேல் வைத்தேன். எதிரே காத்திருந்தவர் "அக்கா, என் பாரம்" என்றதும் அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

குழுவில் இருக்கும் உங்களுக்கு வீரையா அண்ணனை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பேராக் மாநிலத்தில் லினக்ஸ் பயன்படுத்தும் தமிழர்கள் நாற்பது பேர் போல ஒரு வாட்ஸாப் குழு வைத்திருக்கிறோம். முறையாகக் கம்ப்யூட்டர் படித்தவர்கள் அதில் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸுக்கு வந்து சேர்ந்தவர்கள். குழுவின் நடுவில் இருந்தவர் வீரையா. ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், லாரிகளை எடை போடும் கூண்டில் வேலை. பிறந்தது ரப்பர் தோட்டத்தில். அந்தத் தோட்டம் செம்பனையாகி, பிறகு வீடமைப்புப் பகுதியும் ஆகிவிட்டது. அதைப் பற்றி யாராவது பெருமூச்சு விட்டால் அவருக்குப் பிடிக்காது. "லயத்து வீட்டுல கக்கூசுக்கு வரிசையில நிக்கணும் லா. அதுக்குப் போயி ஏங்குவாங்களா?" என்பார்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் குழுவில் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

நான் குழுவில் சேர்ந்தது கோபத்தோடு. ஈப்போவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நிலையம் ஒன்றில் நான் கிராணி, எழுத்து வேலை. முதலாளி எனக்கு ஒரு பழைய மடிக்கணினியைக் கொடுத்தார், நம் சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். கடைக்காரர் அதில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு நல்லாயிருங்கள் என்று அனுப்பிவிட்டார். முதல் வாரமே அச்சுப்பொறியைச் சேர்க்கப் போனால், அதற்காகக் கணினியில் திறந்த சன்னல் திரையைவிட உயரமாக இருந்தது. ஓகே பட்டன் திரைக்குக் கீழே எங்கோ போய்விட்டது. இல்லாத பட்டனை எப்படி அமுக்குவது? யாரோ குழுவில் சேர்த்துவிட்டார்கள். "வேலை செய்யவில்லை. உடனே பதில் தேவை" என்று எழுதினேன். பதில் போட்டவர் வீரையா.

"வணக்கம்க்கா. எது வேலை செய்யல? நேத்து செஞ்சுச்சா? கடைசியா என்ன தொட்டீங்க?"

"நான் எதையும் தொடல."

"சரி, திரையில என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. கோவத்த அப்புறமா பாத்துக்கலாம்."

திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. "இடது கையால ஆல்ட் பட்டன அமுக்கிப் பிடிச்சுக்குங்க, விட்டுடாதீங்க. வலது கையால மவுஸ சன்னல்மேல எங்கயாவது வச்சு, மேல இழுங்க." இழுத்தேன். முழுச் சன்னலும் மேலே ஏறிப் போய், ஓகே பட்டன் வெளியே வந்தது. ஆளில்லாத அலுவலகத்தில் "அட!" என்று சத்தமாகவே சொன்னேன். மறுமுனையில் அவர் சிரித்தார். "ஆச்சா? அப்ப குழுவுல 'தீர்ந்தது'ன்னு போட்டு, எப்படித் தீர்ந்துச்சுன்னு எழுதுங்க" என்றார். சொன்னது நீங்கள்தானே, நீங்களே எழுதுங்களேன் என்றேன். "கேட்டவங்கதான்க்கா எழுதணும். இங்க அதுதான் சட்டம்."

அந்தச் சட்டத்தில் அவர் யாருக்கும் சலுகை தரமாட்டார். தெலுக் இந்தானில் மீன் விற்கும் ஒருவர், கோயில் திருவிழா அறிவிப்பில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது என்று கேட்டு, பதில் வாங்கி, வேலை முடிந்ததும் சத்தமில்லாமல் போய்விட்டார். வீரையா அவருக்கு மூன்று நாள் போன் போட்டார். மூன்றாம் நாள் அந்த மனிதர் சந்தையில் மீனை வெட்டுவதற்கும் கட்டிக் கொடுப்பதற்கும் நடுவில், எந்த எழுத்துருவைப் போட்டார், எப்படிப் போட்டார் என்று நான்கு வரி எழுதினார். அடுத்த மாதம் அதே தொல்லை வேறு இருவருக்கு வந்தது. அவர்கள் தேடிப் பார்த்தபோது மீன்காரரின் நான்கு வரி அங்கே இருந்தது. "நமக்கு ஆச்சுன்னா கதவச் சாத்திட்டுப் போயிடறதா? பின்னால வர்றவங்களும் தேடுவாங்கல்ல" என்று வீரையா சொன்னது இதைத்தான்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். அங்கேதான் அவரை முதலில் நேரில் பார்த்தேன். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா, தோளில் மடிக்கணினிப் பை. பேச்சு வாக்கில் வயதைக் கேட்டால் என்னைவிட மூன்று வயது இளையவர். அதுவரை ஆறு மாதமாக நான் அவரை அண்ணே என்று அழைத்துவந்தேன். "இனிமே தம்பின்னு கூப்பிடவா?" என்றேன். "வேணாம்க்கா, பழகிடுச்சு. திடீர்னு மாத்துனா எல்லாம் கெட்டுப்போகும், லினக்ஸ் மாதிரியே" என்றார். ஆகவே கடைசிவரை நான் அவருக்கு அக்கா, அவர் எனக்கு அண்ணன். நடேசன் ஐயாவுக்கு இந்தக் கணக்கு பிடிபடவே இல்லை.

இப்போது சனிக்கிழமைக் கேள்விக்கு வருகிறேன். குழுவில் நானும் நடேசன் ஐயாவும் இன்னும் சிலரும் கொஞ்சம் தேறியதும், கேள்வி வந்தால் முந்திக்கொண்டு பதில் சொல்வோம். புதியவர்கள் வாயைத் திறக்க இடமே இல்லாமல் போயிற்று. அதைப் பார்த்துவிட்டு வீரையா சனிக்கிழமைதோறும் காலையில் தானே ஒரு பொய்த் தொல்லையை உண்டாக்கிப் போட ஆரம்பித்தார். அதில் ஏதாவது ஒரு முடிச்சு இருக்கும். "மவுஸ் செத்துப்போச்சு" என்பார், "இன்டர்நெட் இல்ல" என்பார், ஒருமுறை "என்டர் பட்டன பூனை கடிச்சிருச்சு" என்றும் எழுதினார். புதியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும், தெரிந்தவர்கள் திங்கள்வரை பேசக்கூடாது. திங்கள் காலை அவரே விடையைச் சொல்லுவார்.

எனக்கு அது தண்டனை. வாயைக் கட்டி வைக்கத் தெரியாதவள் நான். இரண்டாவது வாரமே ஒரே நிமிடத்தில் பதிலைப் போட்டுவிட்டேன். போன் வந்தது. "அக்கா, தைப்பிங்ல ஒரு பெரியவரு அரைமணி நேரமா ஒவ்வொரு எழுத்தா தட்டிட்டு இருந்தாரு. நீங்க போட்டதப் பாத்துட்டு எல்லாத்தையும் அழிச்சிட்டாராம். தெரிஞ்சவங்க சும்மா இருக்கறதும் ஒரு ஒத்தாசதான் லா." எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் நான் ஊமை.

போன வருடம் சந்தையில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து என் இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஒரு கையால் ஆல்டைப் பிடித்து மறு கையால் மவுஸை இழுக்கும் வேலையெல்லாம் நின்றுபோனது. நடேசன் ஐயா போனிலேயே ஒரு வழி சொன்னார். கணினியில் ஒட்டும் விசை என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ஆல்டை ஒருமுறை தட்டினால் போதும், நாம் பிடித்திருப்பதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். ஒரே நாளில் என் பிழைப்பு நேராகிவிட்டது. வீரையா குழுவில் கேட்டார்: "அக்கா, ஒத்தக் கையால எப்படிச் சமாளிக்கிறீங்க? எழுதுங்க, எல்லாருக்கும் உதவும்." கை சரியானதும் எழுதுகிறேன் என்றேன். கை சரியானது. எழுதவில்லை. குழுவில் கேட்டு வாங்கிய பதில் இல்லையே, எனக்கு எதற்கு அந்தச் சட்டம் என்று ஒரு சோம்பல். அவர் இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். "எழுதுறேன் லா அண்ணே, எங்க ஓடிப்போகுது" என்று அதையும் தள்ளிவிட்டேன்.

இந்த வருடம் இரண்டு ஞாயிறு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. ஆலையில் நேரம் மாறிவிட்டது என்று எழுதினார். நம்பினோம். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை காலை, வழக்கம்போலக் கேள்வி வந்தது.

"சனிக்கிழமைக் கேள்வி. எழுத்தப் பெருசாக்கி வச்சிருக்கோம். சன்னல் திரைய விட்டு வெளிய போயிடுச்சு, ஓகே பட்டன் தெரியல. ஒரு கைதான் இருக்கு. என்ன செய்யலாம்?"

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவரிடம் நான் முதன்முதலில் கேட்ட அதே தொல்லை, மேலே ஒரு முடிச்சு. அவருக்குத் தெரியாததா? ஒட்டும் விசை என்று தட்டினேன். சனிக்கிழமை என்பது ஞாபகம் வந்து அழித்தேன். புதியவர் ஒருவர் "எந்தக் கை அண்ணே?" என்று கேட்டார். "வலது" என்று பதில் வந்தது. "இந்த வாரம் கேள்வி கஷ்டம்" என்று இன்னொருவர் எழுதினார். கட்டைவிரல் படம் நாலைந்து விழுந்தது. அவ்வளவுதான். திங்கள் காலை அவர் விடை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து நடேசன் ஐயாவின் போன் வந்தது.

இறுதிச் சடங்கில் கூட்டம் அதிகம், அவர் மனைவி தெய்வானையிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு நடேசன் ஐயாவும் நானும் ஆயர் தாவார் போனோம். கூடத்து மேசையில் அவருடைய மடிக்கணினி மூடியபடி இருந்தது. சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது தெய்வானை சொன்னார்.

"ரெண்டு மாசமாவே இடது கை அசையலக்கா. கண்ணும் ஒரு பக்கம் மங்கிப்போச்சு. ஆஸ்பத்திரியில பக்கவாதம்னாங்க. வேலைக்கும் போகல. குழுவுல சொல்லவே கூடாதுன்னுட்டாரு. சொன்னா பழம் வாங்கிட்டு வந்து பாப்பாங்க, அப்புறம் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு."

நடேசன் ஐயா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அன்னிக்கு ஒரு கேள்வி போட்டாரே, ஒரு கைதான் இருக்குன்னு..." என்று இழுத்தேன்.

"ஆமா. சனிக்கிழமையில போட்டா யாருக்கும் சந்தேகம் வராதுன்னாரு. நாள் பூரா போனப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சிரிச்சாரு. 'ஈப்போ அக்காவுக்குத் தெரியும், ஆனா வாயத் தொறக்க மாட்டாங்க, நான்தான் சொல்லிச் சொல்லிக் கெடுத்து வச்சிருக்கேன்'னாரு. போன் போட்டுக் கேளுங்களேன்னேன். கேட்டா ஏன்னு கேப்பாங்கன்னு விட்டுட்டாரு. திங்கக்கிழமை மறுபடி ஆஸ்பத்திரி. அதோட மறந்துட்டோம்."

எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. நான் எழுதாமல் விட்ட நான்கு வரி குழுவில் இருந்திருந்தால் அவர் யாரையும் கேட்கவே வேண்டியிருந்திருக்காது. தேடினால் கிடைத்திருக்கும். அவர் சொன்ன இரண்டில், எழுதச் சொன்னதை மீறினேன், சும்மா இருக்கச் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தேன். மாற்றிச் செய்திருக்கக் கூடாதா?

"அழாதீங்கக்கா. அவரு ஒண்ணும் தவிச்சுப்போகல" என்று தெய்வானை என் கையைப் பிடித்தார். "நான் இருந்தேன்ல. பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்துக்குவேன். அவரு 'பிடி'ம்பாரு, நான் அந்தப் பட்டன அமுக்கிப் பிடிச்சுக்குவேன். அவரு மவுஸால இழுப்பாரு. 'விடு'ன்னா விடுவேன். மூணு வாரமும் அப்படித்தான். கட்டிக்கிட்ட நாள்லேருந்து அந்தக் கம்ப்யூட்டர நான் தொட்டதில்ல. எனக்கு அதுல தெரிஞ்சது அந்த ஒரு பட்டன்தான் லா."

அந்த மூன்று வாரத்தில் குழுவில் வந்த கேள்விகளுக்கெல்லாம் அவர் பதில் எழுதியிருந்தார். எனக்குக்கூட ஒன்று சொன்னார், அச்சுப்பொறி தாளை விழுங்குவதைப் பற்றி. அதையெல்லாம் மூன்று கைகளாக இரண்டு பேர் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அங்கேயே உட்கார்ந்து, அவருடைய கேள்விக்குக் கீழே பதிலை எழுதினேன். ஒட்டும் விசை எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது, நான் எப்படிக் கற்றேன், ஏன் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன், எல்லாம். பிறகு இரண்டாவது வழி என்று போட்டு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஆல்டைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். அதற்குப் பிறகு ஒரு சொல்தான் பாக்கி. அதை நான் எழுத முடியாது, கேட்டவர்கள்தான் எழுத வேண்டும். தெய்வானையிடம் சொன்னேன். அவர் உள்ளே போய்க் கணவரின் கைப்பேசியை எடுத்து வந்து, என்னிடம் எழுத்துக் கேட்டு, ஒவ்வொன்றாகத் தட்டினார். குழுவில் வீரையா என்ற பெயரில் "தீர்ந்தது, அவரு கேட்டப்ப நான் பிடிச்சிக்கிட்டேன்" என்று வந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். பயந்துவிட்டதாகச் சிலர் சொன்னீர்கள். அது இப்படித்தான் வந்தது.

சனிக்கிழமைக் கேள்வியை நாம் நிறுத்த வேண்டாம். நானும் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன், புதியவர்கள் நிதானமாகத் தட்டட்டும். ஆனால் வீரையா அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு, அவர் என்னிடம் முதல் நாள் கேட்ட "நேத்து செஞ்சுச்சா?" கேள்வி போட்டவருக்கு அன்றைக்கே போன் செய்வேன். விடையைச் சொல்ல மாட்டேன். நேத்து நல்லா இருந்தீங்களா, இன்னிக்கு எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.