வண்டியை விட்டுப் போன சத்தம்

கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் என் தங்கை இன்று தனியாக இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் இல்லை. அதில் என் கற்பனை எதுவும் இல்லை.

நான் கார் மெக்கானிக். சொந்தமாகச் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இரண்டு வண்டி உள்ளே நின்றால் மூன்றாவது தெருவில்தான் நிற்க வேண்டும். ஆனால் இஞ்சின் சத்தம் கண்டுபிடிப்பதில் எனக்குப் பேர் உண்டு. மற்ற ஒர்க்‌ஷாப்காரர்களே என்னிடம் வண்டியை அனுப்பிவைப்பார்கள். நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தவன்தான்.

என் தங்கை வீட்டுக்காரர் ஒரு பழைய கார் வாங்கினார். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. ஒரு மழைநாளில், வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்த சாயங்காலத்தில், வண்டியைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தினார்.

"மச்சான், உள்ள ஒரு டிக் டிக். ஏறுறவங்கள்லாம் வண்டி வெடிச்சிடுமான்னு கேக்கறாங்க."

"நீங்க ஓட்டுற அழகைப் பாத்துக் கேட்டிருப்பாங்க மாப்ள."

சிரித்தார். அவர் சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும். வண்டியை உள்ளே விடச் சொல்லி, அவரை டிரைவர் சீட்டிலேயே உட்கார வைத்துவிட்டு பானெட்டைத் தூக்கினேன்.

டிக்... டிக்... டிக்...

டேப்பெட் சத்தம் என்று நினைத்தேன். பழைய இஞ்சினில் சகஜம். வால்வுக்கு மேலே இடைவெளி கூடிப்போனால் இப்படித் தட்டும். ஆயில் அளவைப் பார்த்தேன். சரியாக இருந்தது. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தேன். எங்கள் தொழிலில் அதுதான் டாக்டர் குழாய். சத்தம் மேலே, டேப்பெட் கவருக்கு அடியிலிருந்து தெளிவாக வந்தது.

"ஆக்ஸிலேட்டர மிதிங்க மாப்ள."

மிதித்தார். இஞ்சின் உறுமியது. டிக் சத்தமும் வேகமாக ஆக வேண்டும். இஞ்சினில் சுற்றுகிற எதுவாக இருந்தாலும் அப்படித்தான்.

ஆகவில்லை.

அதே நிதானம். யாரோ மேஜையில் நகத்தால் தட்டிக்கொண்டு காத்திருப்பது மாதிரி.

பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். இஞ்சின் திணறியது. சத்தம் திணறவில்லை. பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் ஓட்டினேன். மாற்றமில்லை. கடைசியில் அலுத்துப்போய், இஞ்சினை அணைக்கச் சொன்னேன்.

அணைத்தார்.

டிக்... டிக்...

சூடான இரும்பு ஆறும்போது கொஞ்ச நேரம் இப்படித் தட்டும், அதுதான் என்று அவரிடம் சொன்னேன். எப்படியும் ஆறிய பிறகுதான் டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்ய முடியும். இருவரும் டீ குடித்தோம். பேசினோம். மழை வலுத்துவிட்டது. திரும்பி வந்ததும் அவர் மறுபடி டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டார். நான் இஞ்சின் மேல் கை வைத்தேன். தரை மாதிரி ஜில்லென்று இருந்தது.

டிக்... டிக்...

பேட்டரி வயரைக் கழற்றி எறிந்தேன். நிற்கவில்லை.

அங்கேயே விட்டிருக்கலாம். எனக்கு வீம்பு. கவரைத் திறந்தேன். ஒரு வால்வில் மட்டும் இடைவெளி அதிகம். மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. ஸ்க்ரூவைத் திருகி, தகடு வைத்து அளந்து, நட்டை இறுக்கினேன்.

சத்தம் நின்றது.

உள்ளே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை ஒருமுறை இருமினார்.

"மச்சான், நின்னுடுச்சு!" என்று குதித்து இறங்கினார். வயரை எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தோம். இஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"அப்படியே இந்த இஞ்சினையும் பாத்துடுங்க."

நானும் விளையாட்டாகப் பிடியைக் காதில் வைத்தேன்.

டிக்...

டிக்...

கையை எடுத்துவிட்டேன்.

"என்ன மச்சான், ரிப்பேரா?"

"நல்லாத்தான் இருக்கு."

மறுநாளே ஏதோ காரணம் சொல்லி டாக்டரிடம் அழைத்துப்போனேன். குழாய் வைத்துப் பார்த்தார். இசிஜி எடுத்தார்கள். குதிரை மாதிரி இருக்கிறார் என்றார் டாக்டர். வெளியே வந்து, கார் கதவில் சாய்ந்திருந்தவர் நெஞ்சில் மறுபடி ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். இதயம் துடிக்கிற சத்தமே இல்லை. டிக் மட்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே முன்னைவிட அதிக நேரம் ஆனது.

அதன்பிறகு, போகும்போதும் வரும்போதும் அவரே ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திச் சட்டைப் பட்டனைக் கழற்றுவார். முதலில் சிரித்துக்கொண்டு. பிறகு சிரிக்காமல்.

"இன்னும் கேக்குதா?"

"கேக்குது."

"எனக்கும் கேக்குது மச்சான். படுத்தா தலகாணில கேக்குது." சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார். "உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க. பயந்துக்குவா."

எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தேன். கவரைத் திறந்து அதே ஸ்க்ரூவைப் பழையபடி தளர்த்தினேன். இஞ்சின் தட்டியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வேகமாகத் தட்டியது, அணைத்தால் நின்றது. அது சாதாரணச் சத்தம். அது எனக்கு வேண்டாம். அந்தப் பழைய சத்தத்தை வண்டிக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் எந்த ஸ்பானரும் இல்லை.

அவர் நெஞ்சில் இடைவெளி கூடிக்கொண்டே போனது.

டிக்...

நான் மூச்சை இழுத்து விடுவேன்...

டிக்.

ஒருநாள் காலையில் தங்கை போன் செய்தாள். செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை என்றாள். நான் போனபோது அவரைக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு டாக்டர் நல்லா இருக்காருன்னுதானே சொன்னாரு?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவர் நெஞ்சில் காதை வைத்தேன். அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அமைதியாக இருந்தது.

அடக்கம் முடிந்து திரும்பினோம். தங்கை வீட்டு வாசலில் செருப்புகளுக்கு நடுவே அந்தக் கார் நின்றது. சாவி என் பையில். பானெட் மூடியிருந்தது.

டிக்... டிக்... டிக்...

பழைய வேகத்தில்.

வண்டியை விற்றவரைத் தேடிப் போனேன். வயதான அம்மா. வீட்டோடு துணி தைத்துக் கொடுக்கிறவர். மாப்பிள்ளை இறந்துவிட்டார் என்றேன். மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

"நீங்கதான் மெக்கானிக்கா?"

"ஆமாம்மா. வண்டில ஒரு சத்தம்..."

"தெரியும். சத்தத்தோடதான் வித்தேன். எங்க வீட்டுக்காரர் வருஷக்கணக்கா அந்தச் சத்தத்தோடயே ஓட்டினாரு. ஒண்ணும் ஆகல. எங்கெங்க போயிருக்கோம் அதுல! கடைசில என் தம்பிதான், நச்சுநச்சுன்னு என்ன சத்தம்னு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தான். அவர் கவரைத் தொறந்து சரிபண்ணினாரு. இவர் உள்ள உட்காந்திருந்தாரு."



"அதுவரைக்கும் அது வண்டிலதான் இருந்துது தம்பி. சரி பண்ணினதும்தான் அங்கேருந்து கெளம்புச்சு. இவரைக் கொண்டுபோய்ப் பொதைச்சதும் திரும்ப வண்டிக்கே வந்துடுச்சு."

"இத விக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொன்னா யாரு நம்புவா? வண்டியப் பாத்துட்டு வீட்டுல இருக்கவும் முடியல. வித்துட்டேன். அப்புறம் மனசு கேக்கல. உங்க மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினேன். சத்தம் கேட்டா கேக்கட்டும், யாரையும் அதுல கை வைக்க விட்டுடாதீங்கன்னு சொல்லலாம்னு..."

"பேசினீங்களா?"

"பேசினேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு. 'கவலைப்படாதீங்கம்மா, நேத்து எங்க மச்சான் சரி பண்ணிட்டாரு'ன்னு." அந்த அம்மா தலையைக் குனிந்து, தைத்துக்கொண்டிருந்த துணியை மடிக்க ஆரம்பித்தார். "ரொம்பச் சந்தோஷமாச் சொன்னாரு. அதுக்கப்புறம் நான் என்ன சொல்றது?"

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் போட்டிருக்கிறேன். தங்கையிடம் எதுவும் சொல்லவில்லை. போன வாரம் வந்து, கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"சத்தத்த மட்டும் சரி பண்ணிடுண்ணே. வித்துடலாம்."

"ஸ்பேர் கிடைக்கலம்மா" என்றேன்.

நம்பிவிட்டாள்.