வண்டியில் தொங்கிய உருண்டைகள்

2005-இல், கடலைக்காட்டை நாசம் செய்த காட்டுப்பன்றிகளுக்கு என் தங்கை கணவர் திருட்டுத்தனமாக வெடி வைத்துக்கொண்டிருந்தார். கொழுப்பு தடவிய உருண்டை; பன்றி கடித்தால் வெடிக்கும். "கீழ விழுந்தாலே போதும் மச்சான், ஆள் காலி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பே எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர்கள் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது வண்டியில் ஒரு பையை மாட்டி, "குலுக்காம போங்க" என்றார். மரக்காணம் உப்பளத்தருகே நிறுத்தித் திறந்தேன். உள்ளே கல் மாதிரி உருண்டைகள்! வனத்துறைக்குப் பயந்து என் தலையில் கட்டிவிட்டாரா?

தூங்கும் குழந்தையைப் போலப் பையை ஏந்திக்கொண்டு பாத்தியில் இறங்கி, உப்புத் தண்ணீரில் மெல்ல அமிழ்த்தினேன்.

"ஏம்பா, பாத்தியில என்னாத்த கரைக்கிற?" அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்துவிட்டார்.

"கிட்ட வராதீங்க! பன்னி வெடி!"

அவர் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"பொருவிளங்கா உருண்டைப்பா இது! வெல்லம் வாசனை தெரியல?" என்று கடித்தார். அவர் பல்தான் 'டக்' என்றது.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "உனக்குன்னு புடிச்சேன்ணா, எப்படி இருக்குது?"

"உப்புதான் கொஞ்சம் தூக்கல்மா."

ஒன்று விடாமல் தின்றேன். அவள் பாசத்தில் எனக்கு இனிச் சந்தேகமில்லை. 'ஆள் காலி' என்று மாப்பிள்ளை எதற்குச் சிரித்தார் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.