கடைசிப் பத்தியில் ஓர் அக்கா

விமர்சனத்தை டாக்டரம்மா கீழிருந்துதான் படிக்கிறார். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, மேல் பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கடைசி வரியிலிருந்து மெல்ல மேலே ஏறுகிறார். ஒளிப்பதிவு, இசை, எடிட்டிங் எல்லாவற்றுக்கும் மாலை போட்டு முடித்த பிறகு, 'இவர்களுடன்' என்று தொடங்கும் வரியில்தான் அவரைப் போன்றவர்களுக்கு இடம். அங்கே பெயர் இருந்தால் மேற்கொண்டு ஏறுவார். இல்லாவிட்டால் தாளை மடித்துக் கணவரின் நாற்காலியில் போட்டுவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்று எழுந்துவிடுவார்.

அவர் டாக்டருக்குப் படித்தவர் அல்ல. படங்களில் டாக்டராக வருகிறவர். "எதையும் இப்பச் சொல்ல முடியாது", "பேஷண்டை யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்ற இரண்டு வசனங்களிலேயே காலம் ஓடிவிட்டது. கைப்பையில் சொந்தமாக ஒரு ஸ்டெதாஸ்கோப் வைத்திருக்கிறார். படப்பிடிப்பில் கொடுப்பது யார் யார் காதிலோ போய்வந்தது என்று அதைத் தொடவே மாட்டார். பேருந்தில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் அவரை எங்கோ பார்த்த நினைவில் தலைவலிக்கு மருந்து கேட்பார்கள். "தண்ணி நிறையக் குடிங்க, நேரத்துக்குத் தூங்குங்க" என்பார், கொஞ்சமும் கூசாமல். இதுவரை யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

வெள்ளைக் கோட்டு போடாமல் அவர் நடித்த முதல் படம் இது. பாலுறவுக்கு அடிமையாகிப்போன ஒருவனின் கதை. குடிகாரன் பாட்டிலைத் தேடிப் போவதுபோல, வேண்டாம் வேண்டாம் என்று அழுதுகொண்டே தேடிப் போகிறவன். வேலை போய்விடுகிறது. மனைவி வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். போக்கிடம் இல்லாமல் பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அந்த அக்காதான் டாக்டரம்மா. ஒரே காட்சி, வசனம் கிடையாது. தம்பிக்குச் சாப்பாடு போடுகிறாள். அவன் கை கழுவப் போன நேரம் பார்த்து ஓடிப்போய், உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் மருமகளின் அறைக் கதவைச் சாத்துகிறாள்.

திரைக்கதையில் எழுதியிருந்தது அவ்வளவுதான். படப்பிடிப்பன்று டாக்டரம்மா கதவைச் சாத்தினார், சற்று நின்றார், பிறகு மறுபடி ஒரு விரல் அளவுக்குத் திறந்துவிட்டார்.

"அக்கா, கதவு சரியாச் சாத்தலையே" என்றார் இயக்குநர். அவருக்கு அது முதல் படம், எதிலும் ஒரு பதற்றம்.

"சாத்திட்டேன் தம்பி. அப்புறம் மனசு கேக்கலை."

மீண்டும் எடுப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான கணவர், கதையைக் கேட்ட நாளிலிருந்து வீட்டில் அரைப் பேச்சுத்தான். "உன்னை நான் ஒண்ணும் சொல்லலை. என்ன படம்னு சம்பந்தி கேட்டா என்ன சொல்றது, அதை மட்டும் சொல்லிடு." கடைசியில் சம்பந்தி கேட்டபோது, "மருத்துவ சம்பந்தமான படம்" என்று அவரே சொல்லித் தப்பித்தார். படத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லவில்லை. தியேட்டர் ஏசி ஒத்துக்காது என்றார். இத்தனை வருடம் எந்தக் குளிரும் அவரை ஒன்றும் செய்ததில்லை. டாக்டரம்மாவுக்கு அது முள்ளாகக் குத்தியது. தான் செய்தது மானக்கேடு இல்லை, நடிப்பு என்று யாராவது ஒரு வார்த்தை எழுதமாட்டார்களா என்று ஏங்கிப்போனார்.

நேற்றுப் படம் வெளியானது. இன்று காலை இருக்கிற தாள் எல்லாம் வாங்கிவந்துவிட்டார். கால் தரையில் நிற்கவில்லை. பால் பொங்கி வழிந்தபோது கணவர்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தார், அப்படியே பாத்திரம் கழுவும் சாக்கில் சமையலறையிலேயே தங்கிவிட்டார். ஒரு தாள் படத்தைத் துணிச்சல் என்றது. இன்னொன்று குடும்பத்தோடு பார்க்க முடியாது என்றது, ஏதோ குடும்பத்தோடு பார்க்கச் சொல்லித்தான் எடுத்ததுபோல. ஒருவர் ஒரே ஆபாசம் என்று தலையில் அடித்துக்கொண்டார். மற்றொருவர் இப்படி ஒரு கதையில் இவ்வளவு அடக்கம் எதற்கு என்று சலித்துக்கொண்டார். எதன் அடியிலும் அக்கா இல்லை. ஒன்றில் மட்டும் 'மற்றும் பலர்' இருந்தது. அந்தப் பலரில் தானும் ஒருத்தி என்று வைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு தாள். யாரையும் லேசில் பாராட்டாத மனிதர் எழுதுவது. டாக்டரம்மா மேல் பாதியை மூடிக்கொண்டு குனிந்தார்.

'படம் முழுக்க நோயை விளக்குகிறார்கள். நோயோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று காட்டுவது அந்த அக்கா மட்டுமே. கதவைச் சாத்துகிறார், அது பயம். மறுபடி ஒரு விரல் அளவு திறந்துவிடுகிறார், அது சொந்தத் தம்பிக்குப் பயந்துவிட்ட வெட்கம். இந்தப் படத்தில் நான் நம்பிய ஒரே நிமிடம் இதுதான்.'

காது மடல் சூடாகிவிட்டது. எழுந்தார், மேசையைச் சுற்றி வந்தார், உட்கார்ந்தார், மறுபடி படித்தார். அந்த ஒரு விரல் இடைவெளியை ஒரு மனிதர் பார்த்திருக்கிறார். சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் கையை எடுத்து மேல் பாதியைப் பார்த்தார். அங்கே படத்தைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார் அந்த மனிதர்.

கைபேசி அடித்தது. இயக்குநர்.

"படிச்சீங்களாக்கா? கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கான். ரெண்டாவது பாராவுக்கு மேல என்னால போக முடியலை. இவனுக்கெல்லாம் சினிமா பத்தி என்னக்கா தெரியும்? நீங்களே சொல்லுங்க."

'ஆமா தம்பி' என்பது நாக்கு நுனியில் தயாராக நின்றது. இத்தனை வருடம் அவர் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியதே அந்த இரண்டு சொல்லால்தான். பாவம், பிள்ளையின் குரல் உடைந்துபோயிருந்தது. சொல்லிவிடலாம். ஆனால் எழுதியவர் ஒன்றும் தெரியாதவர் என்று ஒப்புக்கொண்டால், அந்தக் கடைசிப் பத்தியும் அதோடு போச்சு.

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு தம்பி" என்றார். "ஆனா அவருக்குத் தெரியும்."



"என்னக்கா இப்படிச் சொல்றீங்க?"

"கோவிச்சுக்காதீங்க. கடைசிப் பாராவை எடுங்க. மனசுக்குள்ள படிக்க வேண்டாம், எனக்காக வாய்விட்டுப் படிங்க."

தாள் புரளும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, விருப்பமில்லாமல், இயக்குநர் தொடங்கினார்: "படம் முழுக்க நோயை..."

"கொஞ்சம் இருங்க தம்பி."

டாக்டரம்மா கைபேசியில் ஸ்பீக்கரைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டி, அதை ஏந்திக்கொண்டு சமையலறைக்குள் போனார். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த கணவருக்கு முன்னால் கையை நீட்டி, கொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார்.