நைனாவின் முழுக்கு

எங்கள் வீட்டில் பரலோகத்துக்கு டிக்கெட் எடுக்காமல் இருந்தவர் நைனா ஒருவர்தான். அம்மா போன வருஷமே ஞானஸ்நானம் வாங்கிவிட்டாள். எனக்கு ஒன்பது வயது. எனக்கெல்லாம் இன்னும் அரை டிக்கெட்கூட வேண்டாம், அம்மா மடியில் உட்கார்ந்தே போய்விடலாம் என்று ஞாயிறு வகுப்பு அக்கா சொல்லியிருந்தாள். ஆக, நாங்கள் எல்லோரும் ஏறிக்கொண்ட பிறகு என்னைப் பெற்ற நைனா மட்டும் கீழே நின்று டாட்டா காட்டப் போகிறார். அந்த வருஷம் முழுவதும் எனக்கு இதே கவலை.

நாங்கள் அப்போது ஆந்திராவில், சித்தூர் பக்கத்துப் பங்காருபாளையத்தில் இருந்தோம். குடியாத்தம் பக்கத்து ஊரை விட்டு வந்து, மாங்கூழ் ஃபேக்டரியில் லோடு இறக்கும் வேலையில் இருந்தார் நைனா. அவர் ஒன்றும் சாமி இல்லை என்று சொல்கிற ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தகரக் கூரை போட்ட எங்கள் ஜெப வீட்டுக்கு வருவார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, தமிழ்ப் பாட்டானாலும் தெலுங்குப் பாட்டானாலும் ஒரே ராகத்தில், எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடுவார். ஞானஸ்நானம் என்ற பேச்சு எடுத்தால் மட்டும் எழுந்துபோய் வெளியே கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்க்க ஆரம்பித்துவிடுவார்.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். திருப்பதி ஆஸ்பத்திரியில் பிறந்து, பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டவன். அப்போது எங்கள் வீட்டில் யாரும் ஜெப வீட்டுப் பக்கம்கூடப் போனதில்லை. அவனைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து ஏரிக்கரை ஓரம் புதைத்தவர் நைனா. நான் அவனைப் பார்த்ததே இல்லையென்றாலும் பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால், “எங்க அண்ணன் கைல சொல்லிக் குடுத்துருவேன்” என்று மிரட்டுவதற்கு அவன்தான் எனக்கு உதவினான்.

பாஸ்டர் ஐயா ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, விசுவாசித்தால் மட்டும் போதாது, தண்ணீரில் இறங்கவும் வேண்டும், அது கர்த்தருடைய கட்டளை என்று எடுத்துச் சொன்னார். நைனா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“தண்ணி இல்லாமலே எங்க பெரியவன் உள்ள போயிருந்தா, எனக்கு எதுக்குய்யா தண்ணி? தண்ணி இருந்தாத்தான் ஆவும்னா, அவன் இப்ப எங்க நின்னுகினு கீறான்?”

பாஸ்டர் ஐயா வேதத்தைத் திறந்தார். கர்த்தர் இரக்கமுள்ளவர், பச்சைப் பிள்ளைகளைத் தள்ளமாட்டார் என்றார். உடனே, அதற்காகக் கட்டளையைச் சும்மா விட்டுவிட முடியுமா என்றும் கேட்டார். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் நைனா. “ரெண்டுந்தான் பிரதர்” என்று சொல்லிவிட்டு பாஸ்டர் ஐயா டீயைக் குடித்தார். அம்மா அடுப்பங்கரையில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

எனக்கோ ஆத்திரமாக வந்தது. எப்போதோ போய்விட்ட அண்ணனுக்காக இத்தனை வீம்பு பிடிப்பார்களா? நான் போராட்டத்தில் இறங்கினேன். காலையில் நாலு இட்லி தின்றுவிட்டு மத்தியானச் சாப்பாடு வரை உபவாசம் இருந்தேன். நைனாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய் அழுதேன். ஒரு சாயங்காலம் அவர் ஃபேக்டரியிலிருந்து மாம்பழ வாசனையோடு வந்து உட்கார்ந்தபோது கடைசி அஸ்திரத்தையும் எடுத்துவிட்டேன்.

“நீ வர்லன்னா நானும் ஏற மாட்டேன் நைனா. கீழயே நின்னுக்கறேன்.”

அவர் என் மூக்கைத் துண்டால் துடைத்துவிட்டார். எழுந்து போகவும் இல்லை, திட்டவும் இல்லை. அடுத்த ஞாயிறு, யாருக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று பாஸ்டர் ஐயா கேட்டபோது கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்றார். நான் போட்ட சத்தத்தில் டோலக் அடிக்கிறவர் தாளத்தை விட்டுவிட்டார்.

மாங்காய் சீசன் முடிந்ததும் நாள் குறித்தார்கள். அன்று விடிந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குட்டி யானை வண்டி ஒன்றைப் பிடித்து, பிரியாணி குண்டா, ஜமக்காளம், டோலக், வெள்ளைத் துணி மூட்டை எல்லாவற்றையும் ஏற்றி, மிச்ச இடத்தில் நாங்கள் ஏறிக்கொண்டோம். மாமாவும் வந்தார். அம்மாவின் தம்பி, வருஷா வருஷம் திருமலைக்கு நடந்துபோய் மொட்டை போட்டு வருகிறவர். பிரியாணிக்காகத்தான் வருகிறேன் என்பதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை.

போன இடம் ஒரு மாந்தோப்பு. தோட்டத்துக்காரர் தெலுங்குக்காரர், வாசலில் பெரிய வெங்கடேசப் பெருமாள் படம் மாட்டியிருந்தவர். புண்ணியக் காரியம்தானே என்று தன் பெரிய சிமெண்டுத் தொட்டியைக் கேட்டவுடனே கொடுத்திருந்தார். எட்டிப் பார்த்தால் தொட்டியில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர்! முதல் நாள் இரவு கன்றுகளுக்குப் பாய்ச்சிவிட்டார்களாம். போர் மோட்டார் ஓட த்ரீ ஃபேஸ் கரண்ட்டு வரவேண்டும். அது எப்போது வரும் என்று கரண்ட்டு ஆபீசுக்கே தெரியாது.

வெள்ளை உடுத்திக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

“சிலுவைல பக்கத்துல தொங்கினானே ஒரு திருடன், அவனுக்கு எந்தத் தொட்டில, எந்த மோட்டாருல தண்ணி உட்டாங்க? நேராப் போய்ட்டான் இல்ல?” என்று பாஸ்டர் ஐயாவையே மடக்கினார்.

மரத்தடியில் சபை இரண்டாகப் பிரிந்தது. திருடனுக்குக் கீழே இறங்க வழியில்லை, நமக்கு இருக்கிறது என்றார் பாஸ்டர் ஐயா. வழி இல்லாதவனுக்குச் சலுகை என்றால் கரண்ட்டு இல்லாதவனுக்கும் சலுகை உண்டல்லவா என்றார் மாமா. மேலே கொஞ்சம் தெளித்தால் போதாதா என்று ஒரு பெரியம்மா கேட்க, எங்கள் சபையில் தெளிப்பெல்லாம் செல்லாது என்று நாலு பேர் பாய்ந்தார்கள். நைனா மட்டும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழாய்க்கு அடியில் நின்றுகொண்டு, ஆண்டவரே கரண்ட்டு, ஆண்டவரே கரண்ட்டு என்று ஜெபித்தேன்.

“கரண்ட்டு வச்சேசிந்தி!” என்று தோட்டத்துக்காரர் மோட்டார் கொட்டகையிலிருந்து கத்தினார். குழாய் முதலில் இருமியது. பிறகு காற்றைக் கக்கியது. பிறகு தண்ணீர் பாய்ந்தது பாருங்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை! எல்லோரும் அல்லேலூயா என்று கத்தினார்கள், மாமாவும் கத்தினார். தொட்டி இடுப்பு உயரத்துக்கு ஏறுவதற்குள் நான் நனைந்து முடித்துவிட்டேன்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். பாஸ்டர் ஐயா ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை நெஞ்சுக்கும் கொடுத்து, மூன்று நாமங்களையும் சொல்லி, மல்லாக்கச் சாய்த்து அமுக்கி எடுப்பார். எழுந்தவர்கள் மூச்சுத் திணறிக்கொண்டே சிரித்தார்கள். கடைசியாக நைனா. அவருடைய வெள்ளை வேட்டியில் காற்றுப் புகுந்து, தண்ணீருக்கு மேலே பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. பாஸ்டர் ஐயா அதைத் தட்டி அடக்கிவிட்டு அவரைச் சாய்த்தார். தலை போனது. மார்பு போனது. தோள் போனது. நைனா உள்ளே போகிறார், உள்ளே போய்விட்டார்!

வலது கை மட்டும் வெளியே நின்றது. முழங்கைக்கு மேலே கொஞ்சம் தெரிய, கொடிக்கம்பம் மாதிரி நேராக, விரல்களை விரித்துக்கொண்டு.

“நைனா கை நனையல! நைனா கை நனையல!” என்று நான் கத்தினேன். பாட்டு நின்றது.

பிரதர் பயந்துவிட்டார், பிடிமானத்துக்காகத் தூக்கியிருப்பார் என்றார்கள். நைனா இடது கையால் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு என்னைப் பார்த்தார். பாஸ்டர் ஐயா மறுபடியும் சாய்த்தார். மறுபடியும் உடம்பெல்லாம் உள்ளே, வலது கை வெளியே. இந்த முறை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். செல்லாது என்றார் பெரியம்மா. முன்னே தெளித்தால் போதும் என்றவரும் அவர்தான். தோட்டத்துக்காரர் தலையெல்லாம் நனைந்துவிட்டதே, பிறகென்ன என்று தெலுங்கில் கேட்டார்.

“தலைக்கு மேல தண்ணி பூட்ச்சுன்னா சாண் இன்னா, மொழம் இன்னா? எழுந்து வா மச்சான், சோறு ஆறுது” என்றார் மாமா.

பாஸ்டர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து நைனாவிடம் ஏதோ கேட்டார். நைனா அவர் காதில் ஏதோ சொன்னார். குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு பாஸ்டர் ஐயா நைனாவின் அந்த உலர்ந்த கையைத் தன் ஈரக் கையால் தொடாமல், சட்டைக் கையைப் பிடித்து மேலே உயர்த்தி, “ஆமென்” என்றார். டோலக் பிடித்துக்கொண்டது. தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் ஒரே நேரத்தில் கிளம்பின.

அவர் காதில் நைனா சொன்னது என்னவென்று எனக்குத் தெரியவந்தது பல வருஷம் கழித்துத்தான். சித்தூர் ஆஸ்பத்திரியில் எனக்குப் பிள்ளை பிறந்தபோது, அவனை மடியில் போட்டுக்கொண்டு அம்மா சொன்னாள்.

“தண்ணி தேவயில்லன்னா, இந்த ஒரு கை நனையாததால ஒண்ணும் கொறஞ்சிடாது ஐயா. தேவன்னா, என் பொண்ணுக்காக நான் உள்ள பூட்றேன். வெளிய நிக்கிறவன எட்டித் தூக்கறதுக்கு ஒரு கை வோணும் இல்ல?” இவ்வளவுதான் நைனா சொன்னாராம்.

அன்றைக்கு எனக்கு இது தெரியாதே. எனக்கு பிரியாணி இறங்கவில்லை. நைனா பரலோகத்துக்குள் போய்விட்டார், சரி. வலது கையை மட்டும் வாசலில் தடுத்துவிட்டால் அங்கே எப்படிச் சோறு தின்பார்? இடது கையால் தின்றால் அங்கேயும் நாலு பேர் ஒரு மாதிரி பார்க்கமாட்டார்களா? இவரைத் தண்ணீரில் இறக்குவதற்கு நான் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு கையால் வீணாகப்போகிறதே என்று துடித்தேன். அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு காலி பாட்டிலை எடுத்துப்போய் தொட்டித் தண்ணீரை முட்ட முட்ட நிரப்பிக்கொண்டேன்.

திரும்பும்போது நைனா வண்டியின் பக்கத் தகட்டில் சாய்ந்து தூங்கிவிட்டார். வலது கை மடிமேல் கிடந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. நான் எழுந்து, ஆடும் வண்டியில் மாமாவின் மொட்டைத் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூடியைத் திறந்தேன். பாஸ்டர் ஐயா சொன்னது ஒவ்வொரு சொல்லாக எனக்கு மனப்பாடம். பிதாவின் நாமத்தில் ஒரு ஊற்று. குமாரனின் நாமத்தில் ஒரு ஊற்று. பரிசுத்த ஆவியின் நாமத்தில் பாட்டிலையே கவிழ்த்துவிட்டேன். விரலிடுக்குகூட விடவில்லை!

வண்டியே அதிர்ந்தது. அல்லேலூயா என்றார்கள், கைதட்டினார்கள், மாமா விசிலடித்தார். நைனா திடுக்கிட்டு விழித்துத் தன் கையைப் பார்த்தார். சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்திருக்க வேண்டும். “பாப்பா ஜெயிச்சிடுச்சு” என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. தண்ணீர் பட்ட குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா மட்டும் கைதட்டவில்லை. எல்லோரையும் தள்ளிக்கொண்டு நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துத் துடைக்கத் தொடங்கினாள். உள்ளங்கை, புறங்கை, நகக்கண், ஒவ்வொரு விரலாக, அவசர அவசரமாக. நைனா கொடுத்த கையைத் திருப்பி வாங்கவில்லை. முந்தானை நனைந்துவிட்டதும் வேறு மடிப்பைப் பிடித்துக்கொண்டு துடைத்தாள். பிறகு குனிந்து, பிள்ளைக்குச் சூட்டை ஆற்றுவதுபோல வாயால் ஊதினாள்.

“இன்னாம்மா நீ? இப்பதானே நனைச்சேன், அத்தப் போய்த் தொடைக்கிற!” என்று நான் தையத்தக்கா என்று குதித்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. முழுக்க உலர்ந்துவிட்டதா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

எங்கள் அம்மாவுக்கு விசுவாசம் போதவில்லை என்று அடுத்த ஞாயிறே வகுப்பு அக்காவிடம் புகார் கொடுத்தேன்.